ரிஸ்னாவின் பெயரில் ஓடியவை

1

நேற்று பின்னேரம் எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். பிறந்தநாளும் இல்லை, பிரியாவிடையும் இல்லை. கணினிச் செலவு இறங்கிவிட்டதாம், அதற்குக் காரணம் நானாம். மேலாளர் டேரன் தன் கையாலேயே பெரிய துண்டாக வெட்டி என் தட்டில் வைத்தார். நானும் சிரித்துக்கொண்டே தின்றேன். மெல்பேர்னுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எனக்கு வேறென்ன படிந்ததோ இல்லையோ, இந்தச் சிரிப்பு மட்டும் நன்றாகப் படிந்துவிட்டது.

அந்தச் செலவு எப்படி இறங்கியது என்பதை ஊரிலிருக்கிற உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் அது நடந்தது இங்கே இல்லை, உங்கள் கண்டியில். கம்பளை பஸ்ஸில் போகும்போது நீங்கள் தினமும் கடந்துபோகிற, கண்ணாடி போட்ட ஒரு மாடிக் கட்டடத்தில்.

முதலில் என் தொழிலைச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் நிறுவனம் இந்த நாடு முழுவதும் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறது. எந்தக் கடையில் என்ன விற்றது, எந்த லொறி பிந்தியது என்று எல்லா விபரமும் ஒரு தரவுக் கிடங்கில் வந்து குவியும். கிடங்கு என்றால் மூட்டை அடுக்குகிற கிடங்கு இல்லை. வாடகைக்கு எடுத்த இயந்திரங்களில் கிடக்கிற விபரக் குவியல். ஆட்கள் அதனிடம் கேள்வி எழுதிக் கேட்பார்கள். குவெரி என்போம். கேள்வி ஒழுங்காக இருந்தால் பதில் சட்டென்று வரும். மடத்தனமாகக் கேட்டால் இயந்திரம் மூச்சுவாங்கும், பின்னால் வந்தவர்கள் எல்லாம் காத்துக்கிடப்பார்கள், வாடகையும் ஏறும். யார் என்ன கேட்கிறார்கள், யார் எவ்வளவு இழுக்கிறார்கள், யாரால் யார் காத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. எல்லை மீறினால் நடுவழியில் நிறுத்திவிடவும் எனக்கு அதிகாரம் இருக்கிறது.

இதை என் அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! கடைசியில், "நம்ம தோட்டத்து லயத்துத் தண்ணிப் பீலியில யாரு எத்தன குடம் புடிக்கிறாங்கன்னு பாக்குற வேலைம்மா" என்றேன்.

"அதுக்கா ப்ளேன் ஏறிப் போன? நம்ம ஊரு கலஹாவுலயே அந்தச் சண்டைய நான் சும்மா பாத்துக்கிட்டு இருந்தேனே" என்றாள்.

2

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒருநாள் ஆஸ்பத்திரியில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். தாதி வந்து "பெரியசாமி, பெரியசாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெரியசாமி என் அப்பா. அவர் கலஹாவில் மண்ணுக்குள் போய் வெகுகாலம். அந்த மனுஷனை இங்கே எதற்குத் தேடுகிறார்கள் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் முறை போய்விட்டது. பிறகுதான் விளங்கியது, இவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும், நமக்கு அப்படி ஒன்று கிடையாது, ஆகவே அப்பாவைப் பிடித்து அந்தக் கட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று. இப்போது என் மகள் மீனு இங்கே சட்டம் படிக்கிறாள். அவளுடைய சிநேகிதிகள் அவளை அவள் அப்பாவின் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள். நான் "மீனு" என்றால் இரண்டாம் தடவைதான் காது கேட்கும்.

இந்தப் பெயர்க் கூத்து என்னோடு போகும் என்று நினைத்தேன். போகவில்லை. நிறுவனம் கண்டியில் ஒரு கிளை திறந்தது. அங்கே ஆட்கள் கெட்டிக்காரர்கள், சம்பளமும் குறைவு. இரண்டாவது காரணத்தைக் கூட்டங்களில் சொல்லமாட்டார்கள். கண்டிக்காரர்கள் தரவுக் கிடங்கைத் தொடுவதற்கு ஆளுக்கொரு லொகின், அதாவது உள்ளே போகும் பெயரும் கடவுச்சொல்லும், வேண்டும். லொகின் கொடுக்கும் முன், மெல்பேர்னிலுள்ள ஒரு பிரிவு அடையாளம் சரிபார்க்கும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் நியமனக் கடிதத்தில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும்.

நடக்கிற காரியமா? நம் ஆட்களுக்கு அடையாள அட்டையில் அப்பா முன்னால் நிற்பார், கடிதத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்குவார், விண்ணப்பத்தில் கடைசிக்குப் போவார். சிங்கள நண்பர்களுக்கோ பரம்பரைப் பெயர், வம்சப் பெயர், சொந்தப் பெயர் என்று அட்டையின் இரண்டு வரியும் போதாது. எல்லா விண்ணப்பமும் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினால், "முன்னர் அனுப்பிய பெயரோடு பொருந்தவில்லை" என்று மறுபடி வந்தது. இதில் சிரிக்காமல் இருப்பதற்கும் சம்பளம் தருகிறார்கள்.

ஒரே ஒருத்தியின் விண்ணப்பம் மட்டும் முதல் தடவையே தேறியது. பாத்திமா ரிஸ்னா. இரண்டே சொல், எங்கே பார்த்தாலும் அதே இரண்டு சொல். கெலிஓயாப் பிள்ளை. கிளையிலேயே ஆகக் கடைசியாகச் சேர்ந்தவள்.

ஆக, கண்டி அலுவலகத்தில் எல்லோரும் அவளுடைய லொகினில் போய் வேலை செய்தார்கள். களவு என்று யாரும் நினைக்கவில்லை. உங்களுக்குத் தெரியும்தானே, அங்கே அலுவலகத்தில் ஒருவரிடம் குடை இருந்தால் அது கந்தோருக்கே குடை. "தரமாட்டேன், விதி இடம் கொடுக்காது" என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தால், பெரிய எடுப்புக்காரி என்று அவளை மதியச் சாப்பாட்டுக்குக்கூடச் சேர்த்திருக்க மாட்டார்கள். கடவுச்சொல்லை ஒரு மஞ்சள் துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார்களாம். பால் பாக்கெட் எடுக்கப் போகிறவர்களுக்கு வசதியாக.

3

ரிஸ்னாவை எனக்குத் தெரியவந்ததே ஒரு குவெரியை நான் நிறுத்தியதால்தான். இங்கே பின்னேரம், அங்கே காலை. ஒரு பூதக் கேள்வி இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பெயரைப் பார்த்தேன், நிறுத்தினேன், அவளுக்கு அழைத்தேன்.

"ஏம்மா, நேத்து ஒரு நாள் கணக்கு வேணும்னா நேத்த மட்டும் கேக்கலாம்ல? எல்லா வருஷத்தையும் எல்லாக் கடையையும் அள்ளி எடுத்துட்டு, அப்புறம் ஒரு நாளப் பொறுக்கி எடுக்கிற?"

"நானா அக்கா? நான் காலேலேந்து ஒண்டும் ஓட்டல்லயே."

பிறகு அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. "யா அல்லாஹ், அது வேற யாராச்சும் ஈக்கும்."

அப்படித்தான் கதை வெளியே வந்தது. பிறகு அடிக்கடி பேசிக்கொண்டோம். பயமில்லாத பேச்சு, கெட்டிக்காரத்தனமான வேலை. அவள் எழுதுகிற குவெரி எனக்குத் தனியாகத் தெரியும்: சிக்கனமாக இருக்கும், வேண்டியதை மட்டும் கேட்கும், அடியில் என்னத்துக்காக என்று ஒரு வரி எழுதியிருக்கும்.

அவளுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்றும் சொல்லவேண்டும். அவளுக்கு அரசாங்க ஆசிரியர் நியமனம் கிடைத்திருந்தது. இலங்கையில் அதை வேண்டாம் என்கிறவளை ஊரே நின்று பார்க்கும். அவள் வேண்டாம் என்றாள். கணினி வேலைதான் வேண்டும் என்று எங்கள் கண்டிக் கிளையில் தகுதிகாண் காலத்தில் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவளுடைய வாப்பா அவளோடு பேசுவதில்லை. அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போதே உம்மாவைப் பார்த்து, "அவள்ட்டக் கேளு, சோறு போடவான்டு" என்பாராம்.

"வேல நிரந்தரம்டு கடிதம் வந்திச்சென்டா அதக் கொண்டுபோய் வாப்பாட கையில குடுப்பேன் அக்கா. அண்டைக்குப் பேசித்தானே ஆகணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தக் கடிதத்துக்குத்தான் அவள் உயிரை வைத்திருந்தாள்.

"அப்படின்னா லொகின யாருக்கும் குடுக்காதடி. ஒம்பேருலதான் எல்லாம் ஏறுது" என்றேன்.

"எப்பிடி அக்கா இல்லென்டு செல்ற? அவங்க வேல செய்யாம சும்மா ஈந்தா அவங்களுக்குத்தானே ஏச்சு."

சரி, வேரைப் பிடுங்குவோம் என்று பெயர் சரிபார்க்கும் பிரிவுக்கு எழுதினேன். நம் ஊரில் பெயர் எப்படி வைக்கிறார்கள் என்று ஒரு பாடமே நடத்தினேன். என் முறைப்பாடு ஏற்கெனவே உள்ள ஒன்றின் பிரதி என்று மூடிவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளதும் என்னுடையதுதான். அது எப்போது மூடப்பட்டது என்று கேட்டதற்கு, அதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்றார்கள்.

4

அந்தப் பூதக் குவெரி யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. அதன் முதல் வரியில் "உ" என்று இருந்தது.

பிள்ளையார் சுழி! நாம் பரீட்சைத் தாளில் போடுவோம், கல்யாணச் சாமான் துண்டில் போடுவோம். இவன் தரவுக் கிடங்குக்கும் போட்டிருக்கிறான். இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. குறிப்பு வரி என்று தாண்டிப் போய்விடும். ஆனால் எனக்குத் தெரியாதா? கெலிஓயா முஸ்லிம் பிள்ளை பிள்ளையார் சுழி போட்டா குவெரி எழுதுவாள்?

அங்கே சுழி போடாமல் எதுவும் எழுதாதவன் ஒருவன்தான்: யோகராஜ். வத்தேகமைப் பையன், கண்டிக் கிளையின் குழுத் தலைவன், என்னை வாய் நிறைய அக்கா என்பான். அழைத்துச் சொன்னேன்.

"அக்கா, அது ஓடட்டும்க்கா. மெஷின்தானே, அதுக்கென்ன முதுகா வலிக்கப்போகுது?"

"ரிஸ்னா பேருல ஏறுதுடா."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டாக்கா. நல்ல புள்ள."

ரிஸ்னா அந்தக் குவெரியைத் திருத்தி எழுதி அவனுக்கு அனுப்பியும் இருந்தாள். ஒரு நாள் கணக்கை மட்டும் கேட்கிற மாதிரி. அவன் திறந்தும் பார்க்கவில்லை. பழையதுதான் கைக்குப் பழக்கமாம்.

நான் நிறுத்த நிறுத்த அவன் மறுபடி ஓட்டினான், வாடகை ஏறியது. டேரன் என் திரையைப் பார்க்க வந்தார். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பெயர்வாரியாகக் கோடுகளில் காட்டும் படத்தை நான்தான் செய்து வைத்திருந்தேன். அதில் மற்றப் பெயர்கள் எல்லாம் தரையோடு கிடக்க, ஒரு பெயர் மட்டும் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"யார் இந்த ரிஸ்னா?" என்றார். அந்த ரிஸ்னா ஒருத்தி இல்லை, ஒன்பது பேர், நீங்கள் லொகின் கொடுக்காததால் வந்த வினை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் லொகினைப் பகிர்ந்தால் அந்த நிமிஷமே வேலை நீக்கம், அது எழுதிவைத்த விதி. கொடுத்தவளும் போவாள், வாங்கியவர்களும் போவார்கள். வாயை மூடிக்கொண்டு, முதலில் ரிஸ்னாவிடம் கேட்டேன்.

"செல்லாதீங்க அக்கா. செல்லிட்டா எல்லாருக்கும் வேல பெய்த்துரும். யோகராஜ் அண்ணனுக்குச் சின்னப் புள்ளைகள் ஈக்கிது. அவரே சென்னாரு, நீ தாங்கிக்க, ஒரு எச்சரிக்கை மட்டும்தான் தருவாங்க, நிரந்தரக் கடிதத்த நான் பாத்துக்கிறேன்டு."

"அவன் பாத்துக்கிருவானா?"

"அவர்தானே அக்கா தலைவர். எனக்காகப் பேசாம ஈப்பாரா?"

விசாரணை என்று யாரும் சொல்லவில்லை. "பயன்பாட்டு மீளாய்வு" என்று பெயர் வைத்தார்கள். திரையில் டேரன், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண், நான். அந்தப் பக்கம் கண்டி அலுவலகத்தின் கூட்ட அறை. மேசையைச் சுற்றி, அவளுடைய பெயரில் வேலை செய்து சம்பளம் எடுத்த எட்டுப் பேரும் இருந்தார்கள். ரிஸ்னா நடுவில். தலையை மூடி நல்ல நீல முந்தானை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

டேரன் அந்தப் பூதக் குவெரியைத் திரையில் போட்டார். உச்சியில் "உ". இது எதற்காக ஓட்டப்பட்டது என்று மரியாதையாகத்தான் கேட்டார். தான் எழுதாததற்கு ரிஸ்னா என்ன காரணம் சொல்வாள்?

அப்போது யோகராஜ் தொண்டையைச் செருமினான். அப்பாடா, சொல்லப் போகிறான் என்று நான் நினைத்தேன். அவன் அவள் பக்கம் திரும்பி, நல்ல இங்கிலீஷில் கேட்டான்: "ரிஸ்னா, இதை ஏன் இப்படி ஓட்டினீர்கள்? இப்படிச் செய்யக் கூடாதென்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா?"

தான் பெற்ற பிள்ளையை அடுத்தவள் இடுப்பில் வைத்துவிட்டு, இது யாருடையது என்று கேட்கிறான், படுபாவி. ஒலிவாங்கியைத் திறந்தேன். இதை ரிஸ்னா எழுதவில்லை என்றேன். முதல் வரியைப் பாருங்கள், அது இந்துக்கள் எழுதத் தொடங்கும்போது இடும் குறி, ரிஸ்னா முஸ்லிம், அவள் அதை எழுதவே மாட்டாள் என்றேன். ஒரே நிமிஷத்தில் இத்தனை குவெரி ஒருத்தியால் எழுத முடியுமா என்றும் கேட்டேன்.

மனிதவளப் பெண் கையை உயர்த்தினாள். ஓர் ஊழியரின் மதத்தைக் கூட்டத்தில் எடுப்பது முறையல்ல, இதைப் பதிவில் சேர்க்க முடியாது, என்னோடு தனியாகப் பேசவேண்டி வரும் என்றாள். டேரனுக்கு அந்த "உ" ஏதோ தட்டச்சுப் பிழையாகத்தான் பட்டது. ஒரே நேரத்தில் பல ஓடியதென்றால் தானாக ஓட விட்டுவிட்டுக் கவனிக்காமல் இருந்திருக்கிறாள், அது இன்னும் மோசம் என்றார். எந்தக் கணினியிலிருந்து ஓடியது என்று பார்க்கவும் வழியில்லை. கண்டியிலுள்ள எல்லாக் கணினியும் ஒரே வாசலால்தான் வெளியே வருகின்றன. மிஞ்சியது என் படம்தான். "உங்கள் படமே அவளுடைய பெயரைத்தானே காட்டுகிறது?" என்று என்னிடமே கேட்டார்.

பிறகு நேராக அவளிடம் கேட்டார்: "உங்கள் லொகினை வேறு யாராவது பாவித்தார்களா?"

ரிஸ்னா மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"இல்லை. எல்லாம் நான் ஓட்டியதுதான்" என்றாள்.

அடுத்த நாளே கடிதம் வந்தது. தகுதிகாண் காலம் திருப்திகரமாக இல்லையாம், சேவை தொடராதாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கெலிஓயா பஸ் ஏறிவிட்டாள். எனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது: சக ஊழியரின் மதத்தைக் குறிப்பிட்டதற்காக, பண்பாட்டு உணர்திறன் பயிற்சிக்குப் போக வேண்டும். அந்தப் பயிற்சியை எனக்கு நடத்தியவர் என்னைப் பெரியசாமி என்றுதான் கூப்பிட்டார்.

5

வீட்டில் இதைச் சொல்லி ஆற்றாமல் புலம்பினேன். கணவர் "ச்சே" என்றார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். மீனு சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"பட் அம்மா, அவ பாஸ்வேர்ட் குடுத்தாதானே? அது ரூல்."

"கேட்டா குடுக்காம எப்படிடி இருக்கிறது? கூட வேல செய்றவங்க."

"நோ சொல்றது. ஈஸி." தோளைக் குலுக்கினாள். "அவளும் பொய் சொன்னா. ஸோ அவளும் ராங்."

எட்டுப் பேருக்காக ஒருத்தி தன் வாயைக் கட்டிக்கொண்டாள் என்பது என் மகளுக்கு ஒரு பொய்யாக மட்டும்தான் தெரிகிறது. நாளைக்கு இவள் சட்டத்தரணியாகி நியாயம் பேசப்போகிறாள். வந்த கோபத்தில், "ஒனக்கு ஊரும் இல்ல, ஒறவும் இல்ல" என்று கத்திவிட்டேன். "ஒறவும்" என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் இங்கிலீஷில் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

6

இனி வருவதைக் கேளுங்கள். ரிஸ்னாவின் லொகினை மூடினார்கள். அந்த நிமிஷமே கண்டி அலுவலகம் நின்றுபோயிற்று. எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கடைகளுக்குப் போகவேண்டிய காலை அறிக்கை போகவில்லை. லொறிகள் எதை ஏற்றுவதென்று தெரியாமல் நின்றன. டேரன் ஓடித் திரிந்தார். மேலிடத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போட்டார்: அவசரம் கருதிப் பெயர்ச் சரிபார்ப்பைத் தளர்த்தவும். எனக்கு ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்தான், எட்டுப் பேருக்கும் எட்டு லொகின் வந்துவிட்டது. பெயர் அப்படியே தலைகீழாகத்தான் இருந்தது. யாருக்கும் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் என் படத்தில் யோகராஜின் பெயர் முதல் தடவையாக வந்தது. கூரையைத் தொடும் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவன் மாட்டவேண்டும் என்று சாமி கும்பிட்டேன். மாட்டவில்லை. சின்னக் கோடாகக் கிடந்தது. என்னடா என்று அவனுடைய குவெரியைத் திறந்து பார்த்தேன். மேலே "உ". கீழே, ஒரு நாள் கணக்கை மட்டும் கேட்கிற சிக்கனமான எழுத்து. அடியில் என்னத்துக்காக என்று ஒரு வரி. ரிஸ்னா அன்றைக்குத் திருத்தி அனுப்பியதேதான். சொல்லுக்குச் சொல் அப்படியே. தன் பெயரில் எண்ணத் தொடங்கியதும் ஐயாவுக்கு ஒரே நாளில் சிக்கனம் வந்துவிட்டது.

அந்தக் குவெரிதான் வாடகையைத் தின்றுகொண்டிருந்தது, அது திருந்தியதும் செலவு இறங்கியது. டேரனுக்கு அதற்கு ஒரே விளக்கம்தான்: அந்தப் பெண் போனாள், செலவு குறைந்தது. நான் குவெரியை வரிக்கு வரி காட்டினேன். எழுதியது யார் என்பதைவிட ஓட்டியது யார் என்பதுதான் நமக்கு முக்கியம் என்றார். குவெரியைச் சீர்செய்ததற்காக யோகராஜுக்குப் பாராட்டு. படம் செய்ததற்காக எனக்குக் கேக். இன்னும் கேளுங்கள்: யோகராஜை இங்கே மெல்பேர்னுக்கு எடுக்கிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள்தானே, வீடு கிடைக்கும்வரை உங்களோடு தங்கட்டும் என்று டேரன் நேற்று கேக் வாயோடு சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும், என்னைக் கேட்காமலே என் கணவர் சரி என்றுவிட்டார். ஊர்ப் பையனாம்.

நேற்று இரவே அவன் அழைத்தான்.

"அக்கா, வர்றப்ப என்ன கொண்டு வரட்டும்? மாசி, கருவாடு, சம்பல், எதுனாலும் சொல்லுங்க."

"ரிஸ்னாகிட்டப் பேசினியா?"

"அது பாவம்க்கா. நல்ல புள்ள. என்ன செய்றது, அவ தலையெழுத்து."

"தலையெழுத்தா? அத எழுதினது நீடா. மேல சுழி வேற போட்டு எழுதின."

சிரித்தான். "நீங்க இன்னும் அப்படியே கலஹாக்காரிதான்க்கா. அவளே ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் ஒடம்பக் கெடுத்துக்கிறீங்க?"

என் வீட்டு வாசலில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். ஊரில் என்ன பேசுவார்கள் என்று கணவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார். பேசட்டும். நீங்களும் பேசுங்கள். இதையெல்லாம் எழுதுவதே நீங்கள் பேசவேண்டும் என்றுதான்.

இன்று பின்னேரம் ரிஸ்னாவுக்கு அழைப்பு எடுத்தேன். வீட்டில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். ஆசிரியர் நியமனத்துக்குத் திரும்பப் போய்க் கேட்டிருக்கிறாள். ஒருமுறை வேண்டாம் என்றவர்களுக்கு மறுமுறை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். யோகராஜ் இங்கே வருவதை நான் சொல்லும் முன்னே அவளுக்குத் தெரிந்திருந்தது. புதிய லொகினில் எதையோ எப்படிச் செய்வது என்று அவளிடமே கேட்டு அழைத்திருக்கிறான், அந்த நேரம் சொன்னானாம். அவளும் அவன் கேட்டதை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"வாப்பா பேசுறாராடி?"

"பேசுறாரு அக்கா. இப்ப நல்லாப் பேசுறாரு. 'நான் அப்பவே சென்னேன்தானே'ன்டு ஒரு நாளைக்கு எத்தன தரம் செல்றாரு தெரியுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நீ ஏன்டி அன்னைக்கு வாயத் தொறக்கல? ஒன்ன வச்சு அவனே கேள்வி கேக்கிறான். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? போனா எல்லாரும் போயிருக்கட்டும்."

பின்னால் பிள்ளைகள் வாய்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

"செல்லத்தான் அக்கா நெனச்சேன். அதுக்குத்தான் ஒவ்வொருத்தர்ட மொகத்தையும் பாத்தேன். நான் செல்லிருவேன்டு ஒருத்தராச்சும் பயந்துபோய் ஈந்திருந்தா, செல்லீப்பேன். ஒருத்தருக்கும் பயம் ஈக்கல்ல. ஒருத்தர் ஃபோன நோண்டிக்கிட்டு ஈந்தாரு. யோகராஜ் அண்ணன் டீய ஊதி ஊதிக் குடிச்சிக்கிட்டு ஈந்தாரு. என்னய அவ்வளவு நல்லாத் தெரிஞ்சு வெச்சீந்தாங்க அக்கா."